மோட்டார் ரூமில் தொங்கும் முதல் பரிசு

எங்க மோட்டார் ரூம் சுவத்துல ஒரு வெள்ளை டப்பா தொங்குது. சோப்பு டப்பா அளவு இருக்கும். உள்ள ஒரு பச்சை அட்டை, நாலு ஒயர், மேல உள்ளங்கை அளவு சோலார் தகடு. போன வருஷம் ஆடி மாசம் மாட்டினது. இப்ப அதுக்குள்ள குளவி கூடு கட்டியிருக்கு. ஸ்டார்ட்டர் போடப் போகும்போதெல்லாம் தலையைக் குனிஞ்சுதான் போறேன்.

அது சாதாரண டப்பா இல்ல. ஒரு காலேஜ்ல முதல் பரிசு வாங்கின டப்பா. மேடை, மாலை, பெரிய அட்டையில எழுதின செக் எல்லாம் அதுக்குக் கிடைச்சுது. போட்டோவை எனக்கு வாட்ஸ்அப்புல அனுப்பியிருந்தாங்க. போட்டோவுக்குப் பின்னாடி பேனர்ல நானும் இருக்கேன், கோமணம் மட்டும்தான் இல்ல, மத்தபடி ஏழை விவசாயின்னா எப்படி இருக்கணுமோ அப்படி. தலையில துண்டு கட்டச் சொல்லி எடுத்த படம் அது. நான் துண்டு கட்டறதே இல்லைங்க, தொப்பிதான்.

நடந்தது இதுதான். நாலு பசங்க வந்தாங்க, மூணாவது வருஷ இன்ஜினியரிங். நல்ல பசங்க, குறை சொல்லல. 'தொழில்முனைவும் புத்தாக்கமும்'னு ஒரு பாடமாம். ஒரு விவசாயியைப் பார்த்து அவரோட பிரச்சனையைக் கண்டுபிடிச்சு அதுக்குத் தீர்வு கொண்டாரணுமாம். கையில அச்சடிச்ச பாரம், முப்பத்திரண்டு கேள்வி. வயசு, படிப்பு, ஸ்மார்ட்போன் இருக்கா, மண்ணோட ஈரத்தை எப்படித் தெரிஞ்சுக்கறீங்க. நான் சொன்னேன், குதிகாலை வச்சு அழுத்துவேன் தம்பி, தெரிஞ்சுடும். அதை எழுதிக்கிட்டாங்க. முப்பத்திரண்டு கேள்வியில ஒண்ணுகூட, "ஐயா, புதினா கட்டு இன்னிக்கு என்ன ரேட்டு?"ன்னு இல்ல.

அதுதான் சங்கதி. என்கிட்ட ரெண்டே கால் ஏக்கர். புதினா, கொத்தமல்லி, ஒரு போகம் தக்காளி, மானாவாரியில கேழ்வரகு, வரப்போரம் ஏழு மாமரம். சூளகிரி பக்கம் இருக்கற யாரைக் கேட்டாலும் இதே கணக்குதான் சொல்லுவாங்க. எனக்கு மண்ணு காஞ்சிருக்கா இல்லையாங்கறது பிரச்சனையே இல்ல. காஞ்சிருக்குன்னு தெரிஞ்சும் போர்ல தண்ணி இல்லைங்கறது பிரச்சனை. ஒரு கட்டு புதினா ஒரு நாள் பன்னெண்டு ரூபாய், அடுத்த வாரம் மூணு ரூபாய்ங்கறது பிரச்சனை. அறுக்கற கூலி ரெண்டு நாளும் ஒண்ணுதான். இதை அவங்ககிட்ட சொன்னேன். அதுல ஒரு பையன், கண்ணாடி போட்டவன், சங்கடமா சிரிச்சுட்டு, "ஐயா, எங்களுக்கு சென்சார் வச்சுத்தான் புராஜெக்ட் அப்ரூவ் ஆகியிருக்கு"ன்னான்.

பிரச்சனையைத் தேடி வர்றதுக்கு முன்னாடியே தீர்வு அப்ரூவ் ஆயிடுச்சு! இதை எந்த ஊர் வைத்தியத்துல சேர்க்கறது?

பட்டணத்துல இருந்து இதைப் படிக்கிற உங்கள்ல பாதிப் பேர் வீட்டுல காலேஜ் பிள்ளைங்க இருப்பாங்க. ஹேக்கத்தான்ல ஜெயிச்ச போட்டோவை நீங்களும் போட்டிருப்பீங்க. கோவிச்சுக்காதீங்க. பிள்ளைங்களைச் சொல்லல. அவங்களுக்கு எதைக் 'தொழில்'னு சொல்லிக் குடுக்கறாங்களோ, அந்த வாத்தியார்த்தனத்தோடதான் எனக்குச் சண்டை.

இன்னிக்கு நாட்டுல எந்தக் காலேஜுக்குப் போனாலும் இது இருக்கு. மத்திய கல்வித்துறை 2018ல இருந்து காலேஜுக்குக் காலேஜ் இன்னோவேஷன் கவுன்சில் வைக்கச் சொல்லுது. மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்னு 2019ல ஒரு ஸ்டார்ட்அப் கொள்கையே வந்துச்சு. நம்ம மாநிலத்துல தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம்னு 2001லயே ஒண்ணு ஆரம்பிச்சாங்க, சென்னையில இருக்கு. 2022 மார்ச்ல நான் முதல்வன் திட்டம். இது எதையும் நான் வேண்டாம்னு சொல்லல. அரசாங்கம் காசு போட்டு ஏழைப் பிள்ளைக்கு ஒரு வாசலைத் திறந்து விடுதுன்னா அதுக்குக் கும்பிடுதான் போடுவேன். ஆனா வாசலைத் தாண்டி உள்ள போனா அங்க நடக்கறது பேச்சுப் போட்டி. எங்க காலத்துல 'நேரு மாமா' பத்தி அஞ்சு நிமிஷம் பேசினா டிபன் பாக்ஸ் குடுப்பாங்க. இப்ப 'என் கம்பெனி' பத்தி அஞ்சு நிமிஷம் பேசினா செக் குடுக்கறாங்க. ரெண்டுலயும் நேருவும் இல்ல, கம்பெனியும் இல்ல.

ஓசூருல உட்கார்ந்துக்கிட்டு இதைப் பேசறதுலதான் எனக்கு வயித்தெரிச்சல் அதிகம். ஏன்னா தொழில்னா என்னன்னு கண்ணால பார்க்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் தமிழ்நாட்டுல கோயம்புத்தூரை விட்டா வேற எங்க இருக்கு? எழுபதுகள்ல சிப்காட் வந்துச்சு. 1980ல அசோக் லேலண்ட். அதே சமயத்துலதான் டி.வி.எஸ். 50 இங்க இருந்து ஓட ஆரம்பிச்சுது. அப்புறம் அரசாங்கத்தோட டிட்கோவும் டாட்டாவும் சேர்ந்து டைட்டன். கிராமத்துல ப்ளஸ் டூ முடிச்ச பிள்ளைங்களை எடுத்துக் கடிகாரம் செய்யப் பழக்கினாங்க. அந்தப் பெரிய கம்பெனிங்களுக்குப் போல்ட்டு, வாஷர், ரப்பர், பிளாஸ்டிக்னு சப்ளை பண்ண சந்துக்குச் சந்து பட்டறை முளைச்சுது. அந்தப் பட்டறைக்காரங்கள்ல பாதிப்பேர் யாரு? ஐ.டி.ஐ. படிச்சு, பத்து வருஷம் பெரிய கம்பெனியில மிஷின் ஓட்டி, பி.எஃப். பணத்தை எடுத்து, பொண்டாட்டி நகையை வச்சு ஒரு பழைய லேத்து வாங்கினவங்க. அவங்க யாரும் பிட்ச் பண்ணல. ஒரு சாம்பிள் பீஸ் கடைஞ்சு எடுத்துட்டுப் போய் பர்ச்சேஸ் ஆபீசர் மேஜையில வச்சாங்க. அளவு சரியா இருந்தா ஆர்டர், இல்லேன்னா நடையைக் கட்டு.

அவங்கள்ல ஒருத்தரைக் கேட்டுப் பாருங்க, தொழில்ல கஷ்டமானது எதுன்னு. ஐடியான்னு ஒருத்தரும் சொல்லமாட்டாங்க. வசூல்னு சொல்லுவாங்க. சரக்குப் போட்டாச்சு, பில் குடுத்தாச்சு, பணம் மட்டும் வரல. சின்னத் தொழிலுக்கு 45 நாளுக்குள்ள காசு குடுத்துடணும்னு 2006லயே சட்டம் இருக்கு. அந்தக் கெடு தாண்டினா, வாங்கினவங்க அந்தத் தொகையைக் குடுக்கற வரைக்கும் அதைச் செலவாக் காட்டி வருமான வரியில கழிக்க முடியாதுன்னு இப்ப புதுசா ஒரு பிரிவும் வந்திருக்கு. இதை எந்தக் காலேஜ்ல ஒரு மணி நேரம் சொல்லித் தர்றாங்க? வர வேண்டிய பணத்தை, உறவு முறியாம, மானம் போகாம எப்படிக் கேட்டு வாங்கறதுன்னு ஒரு செமஸ்டர் நடத்தலாம்ங்க. மண்டிக்காரர்கிட்ட நான் முப்பது வருஷமா அந்தப் பாடத்தைத்தான் படிக்கறேன், இன்னும் பாஸ் ஆகல.

"அப்ப காலேஜ்ல படிக்கிற பசங்க பெரிசா எதுவுமே பண்ணலியா?"ன்னு கேப்பீங்க. பண்ணியிருக்காங்க. நம்ம ஓசூருலயே அதுக்கு சாட்சி இருக்கு. ஏத்தர்னு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பார்த்திருப்பீங்க. சென்னை ஐ.ஐ.டி.யில படிச்ச தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின்னு ரெண்டு பேர் 2013ல ஆரம்பிச்சது. முதல்ல அவங்களுக்கு பேட்டரி செய்யறதுதான் யோசனை. மார்க்கெட்டுல இருக்கற வண்டிங்களைப் பார்த்துட்டு, வண்டியே சரியில்ல, பேட்டரி மட்டும் நல்லா செஞ்சு என்ன பண்றதுன்னு முழு வண்டியையே கையில எடுத்தாங்க. 2016 பிப்ரவரியில ஒரு மாதிரியைக் காட்டினாங்க. விக்கிற வண்டி வெளிய வந்தது 2018ல. ஓசூர் ஃபேக்டரி அதுக்கும் அப்புறம்.

இந்தக் கதையைக் காலேஜ்ல சொல்றாங்க, எனக்குத் தெரியும். ஆனா எப்படிச் சொல்றாங்க? "ரெண்டு பசங்க, ஒரு ஐடியா, இன்னிக்கு எத்தனை கோடி பாருங்க"ன்னு சொல்றாங்க. நான் ஒரு சம்சாரியா அதைப் படிக்கும்போது என் கண்ணுல படறது வேற. ஆரம்பிச்சதுல இருந்து வண்டி விக்கிற வரைக்கும் அஞ்சு வருஷம். அஞ்சு வருஷம் விதைச்சு, அறுவடையே இல்லாம நின்னிருக்காங்க! அதுக்கு ஐ.ஐ.டி. இடம் குடுத்துது. 2014ல ஃப்ளிப்கார்ட் ஆரம்பிச்சவங்க பத்து லட்சம் டாலர் போட்டாங்க. 2016ல ஹீரோ மோட்டோகார்ப் 205 கோடி போட்டுச்சு. திறமையில்லாம யாரும் போடமாட்டாங்க, சரி. ஆனா சூளகிரியில இருந்து பஸ் ஏறிக் காலேஜ் போற பிள்ளைக்கு அஞ்சு மாசம் சம்பளம் இல்லேன்னா வீட்டுல அடுப்பு எரியாது. அந்தப் பிள்ளைகிட்ட போய் "ரிஸ்க் எடு, தோல்விக்குப் பயப்படாதே"ன்னு மைக்ல சொல்றது சுலபம். தோத்தா யாரு கட்டறதுங்கறதைச் சொல்லாம ரிஸ்க் எடுக்கச் சொல்றது, அடுத்தவன் தலையில மிளகாய் அரைக்கறது.

என் மகளோட கதைக்கு வர்றேன். இந்தப் பதிவையே அவளுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பாப்பா வேற காலேஜ்ல ஃபுட் டெக்னாலஜி மூணாவது வருஷம். அவளுக்கும் இதே பாடம் வந்துச்சு. புதினா மூணு ரூபாய்க்கு விழுந்தப்ப நான் அறுக்காமலே உழுது விட்டதை ரெண்டு தடவை பார்த்திருக்கா. அதனால, "அப்பா, காய வச்சு பாக்கெட் போட்டு வித்துப் பார்க்கறேன்"னா. சரின்னேன். ஆனா ஒண்ணு, நம்ம தோட்டத்துப் புதினாதான்னாலும் மண்டி ரேட்டுக்குக் கணக்கு எழுதினா. நோட்டுல 'அப்பாவுக்குத் தர வேண்டியது'ன்னு ஒரு பக்கம்! எனக்குச் சிரிப்பு. இப்ப யோசிச்சா, அந்த ஒரு பக்கம்தான் உண்மையான படிப்பு.

தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட சோலார் டிரையர் வாடகைக்கு எடுத்தா. நூறு கிலோ புதினாவுல தண்டைக் கழிச்சு இலையைக் காய வச்சா ஏழு கிலோதான் தேறுது. இலை உருவ ரெண்டு ஆளு ஒரு நாள், தலைக்கு முந்நூத்தம்பது. ஆக ஒரு கிலோ காஞ்ச இலைக்குக் கூலி மட்டுமே நூறு ரூபாய். பெங்களூர் மொத்த வியாபாரி கேட்ட விலை நூத்தி இருபது. புதினாவை நான் தானமாக் குடுத்தாலும் கவர் காசும் பஸ் காசும் நிக்காது. இதை அவ கண்டுபிடிச்சது ராத்திரி பதினோரு மணிக்கு, என் பழைய பாக்கெட் டைரியில. அந்த ராத்திரி அவ மூஞ்சியைப் பார்த்திருக்கணும் நீங்க. எங்க பாட்டன், பூட்டன் எல்லாருக்கும் வந்த மூஞ்சி அது.

சரி, மொத்தமா வேண்டாம், ஐம்பது கிராம் பாக்கெட் நாப்பது ரூபாய்னு கடைக்குப் போடலாம்னு மாத்தினா. நூறு ரூபாய் கட்டி எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு எடுத்தா. ஓசூருல அப்பார்ட்மென்ட் பக்கம் நாலு கடை. கமிஷன் போக ஒரு மாசம் கழிச்சுத்தான் காசு. அந்த ஒரு மாசத்துல வந்தது ஐப்பசி மழை. மேகமூட்டத்துல இலை முழுசா காயறதுக்கு முன்னாடி பாக்கெட் போட்டுட்டா. மூணு வாரத்துல பூசணம். நாலு கடையும் திருப்பி அனுப்பிடுச்சு. செலவு 14,600, வரவு 3,200. நட்டம் 11,400.

ஒரு வாரம் யார்கிட்டயும் பேசல. அப்புறம் அவளே எழுந்திரிச்சு, வெயில் பார்த்து, இலை விரல்ல நொறுங்கற பதம் வர்ற வரைக்கும் வச்சு, மூடி போட்ட டின்னுல ரெண்டு நாள் வச்சுப் பார்த்துட்டு அப்புறம் பாக்கெட் போட்டா. திருப்பி அனுப்பின நாலு கடையில ரெண்டு கடைக்கே போய், "இந்தத் தடவை காசு வேண்டாம், வித்தா குடுங்க"ன்னு நின்னா. அந்த வாசல்ல திரும்பப் போய் நிக்கறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு பிட்ச் பண்றவங்களுக்குத் தெரியாதுங்க.

இதையெல்லாம் காலேஜ்ல சொன்னா. நோட்டையும் காட்டியிருக்கா. நடுவருங்க என்ன சொன்னாங்கன்னா, ஸ்கேலபிள் இல்லையாம். டெக்னாலஜி இல்லையாம். நட்டக் கணக்கை ஸ்லைடுல போட்டது 'நெகட்டிவ்'வா இருக்காம். கலந்துக்கிட்டதுக்கு ஒரு சர்டிபிகேட் குடுத்தாங்க. அங்கயும் முதல் பரிசு ஒரு ஆப்புக்கு. விவசாயியையும் வாங்கறவங்களையும் நேரா சேர்த்து வைக்கிற ஆப்பாம். அதுல ஒரு விவசாயியும் இன்னும் சேரல, வாங்கறவங்களும் சேரல.

வீட்டுக்கு வந்து அவ என்னைக் கேட்டா, "அப்பா, நட்டத்தைக் காட்டாம விட்டிருக்கணுமோ?"

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கோவம். ஒரு பொண்ணு காசைத் தொலைச்சு, எங்க தொலைச்சோம்னு பைசா சுத்தமா எழுதி வச்சு, திரும்ப சம்பாதிக்கப் பார்த்திருக்கா. அவளுக்கு நீங்க கத்துக் குடுத்தது கணக்கை மறைக்கணும்கறதையா? இப்படிப் பழக்கின பிள்ளைங்க நாளைக்குக் கம்பெனி வச்சா அதுல பணம் போடறவங்க கதி என்ன? நீங்கதானே போடப்போறீங்க, நானா?

ஜி.டி. நாயுடுவைப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. பள்ளிக்கூடத்தை முடிக்காத மனுஷன். 1920ல ஒரே ஒரு பஸ் வாங்கி பொள்ளாச்சி - பழனி ரூட்ல தானே ஓட்டினவர். 1945ல கோயம்புத்தூர்ல ஆர்தர் ஹோப் பேர்ல தொழில்நுட்பக் கல்லூரி வந்தப்ப அதுக்கு முதல்வரா இருந்தார். நாலு வருஷப் படிப்பு காலத்தை வீணாக்கற வேலை, ரெண்டு வருஷம் போதும்னார். அரசாங்கம் ஒத்துக்கல, விலகிட்டார். இன்னிக்கு அவர் பேரைச் சொல்லி மேடையில கை தட்டறாங்க. அவர் சொன்னதை மட்டும் யாரும் எடுத்துக்கல. அவர் படிப்பை எதிர்த்தவர் இல்ல, கையில அழுக்குப் படாத படிப்பை எதிர்த்தவர்.

எதிர்ல இருந்து ஒரு நியாயமும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். புதுசை வேண்டாம்னு சொல்ற ஆள் நான் இல்ல. சொட்டுநீர் இல்லேன்னா நான் எப்பவோ நிலத்தை வித்திருப்பேன். அது இஸ்ரேல்ல இருந்து வந்துச்சு, சிறு குறு விவசாயிக்கு இங்க முழு மானியத்துல கிடைக்குது. குழித்தட்டு நாத்து, மல்ச்சிங் ஷீட், எல்லாமே என் கண்ணு முன்னாடி வந்த புதுசுதான். மொதல்ல நான் கேலி பண்ணினேன், அப்புறம் நானே போட்டேன். சென்சாரும் ஒரு நாள் அப்படி வரலாம். ஆனா சொட்டுநீரை விக்க வந்தவன் ஃபில்டர் அடைச்சப்ப திரும்ப வந்தான். டப்பா மாட்டினவங்க வரல. பரிசு வாங்கின அன்னிக்கே அவங்களுக்கு அந்த டப்பா முடிஞ்சு போச்சு. எனக்கு அன்னிக்குத்தான் ஆரம்பம்.

இதுல எங்க பகுதிக்குன்னு ஒரு அவசரமும் இருக்கு. போச்சம்பள்ளி பக்கம் ஓலாவுக்கு 500 ஏக்கர். உத்தனப்பள்ளி, நாகமங்கலம் பக்கம் சிப்காட்டுக்கு நிலம் எடுக்கறதை எதிர்த்து 2023ல விவசாயிங்க போராட்டத்துல உட்கார்ந்தாங்க. பெங்களூர் கழிவு நுரையா பொங்கி கெலவரப்பள்ளி அணைக்கு வருது. 2023 ஜூலையில தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டினப்ப டி.வி.காரங்க எங்களைத் தேடி வந்தாங்க, ரெண்டு மாசத்துல அடிமாட்டு விலைக்கு விழுந்தப்ப யாரும் வரல. இப்படி இருக்கற ஊருல ஒரு பிள்ளைக்கு ரெண்டு வழிதான் காட்டறாங்க. ஒண்ணு, காண்ட்ராக்ட்ல யூனிஃபார்ம் போட்டுக் கம்பெனி பஸ்ல ஏறறது. இல்லேன்னா மேடையில ஏறறது. நடுவுல லேத்துப் பட்டறைக்காரர் மாதிரி, பத்துப் பேருக்குக் கூலி குடுத்து ஊருலயே நிக்கற ஒரு வழி இருக்கே, அதைக் காலேஜ்ல சின்ன விஷயம்னு ஒதுக்கறாங்க. பட்டம் படிச்ச புதுத் தொழில்முனைவோருக்குன்னே 2012ல இருந்து நீட்ஸ் திட்டம் இருக்கு, 25 சதவீதம் மானியம். பாப்பா பேருக்கு ஏதாவது கிடைக்குமான்னு ஒரு பேங்க்ல போய்க் கேட்டேன். "பொண்ணு பேர்ல ஐ.டி. ரிட்டர்ன் இருக்கா?"ன்னார். படிக்கற பொண்ணு சார்னேன். "அப்ப உங்க நிலப் பத்திரம்?"னார். எழுந்து வந்துட்டேன்.

உங்கள்ல சில பேர் கம்பெனியில பெரிய பொறுப்புல இருப்பீங்க, காலேஜ்ல நடுவரா உட்காரக் கூப்பிடுவாங்க. போங்க. ஆனா ஸ்லைடைப் பார்க்காதீங்க. எத்தனை வித்தேன்னு கேளுங்க. வாங்கினவர் ரெண்டாவது தடவை வாங்கினாரான்னு கேளுங்க. யாருக்கு எவ்வளவு பாக்கின்னு கேளுங்க. காலேஜ் நிர்வாகத்துல இருந்தீங்கன்னா, பரிசுக்கு வச்சிருக்கற ஐம்பதாயிரத்தை அஞ்சாப் பிரிச்சு அஞ்சு டீமுக்கு ஆரம்பத்துலயே குடுங்க. ஒரு சீசன் எதையாவது வாங்கி வித்துட்டு வரட்டும். தொலைச்சாலும் பரவாயில்ல, காலேஜ் காசாத் தொலையட்டும், அப்பன் காசா வேண்டாம். நட்டக் கணக்கை ஒழுங்கா எழுதினவங்களுக்கு முழு மார்க் போடுங்க.

போன மாசம் அந்தக் கண்ணாடிப் பையன் போன் பண்ணினான். டப்பாவைத் தேசிய அளவுல ஒரு போட்டிக்கு அனுப்பறாங்களாம். "ஐயா, உங்களுக்கு எவ்வளவு தண்ணி மிச்சம் ஆச்சுன்னு ஒரு வீடியோ பேசி அனுப்ப முடியுமா?" நான் சொன்னேன், தம்பி, அதுல குளவி இருக்கு, வந்து எடுத்துட்டுப் போ. வர்றதா இருந்தா வியாழக்கிழமை ராத்திரியே வந்துடு, விடியக்காலை மூணு மணிக்குக் குட்டியானையில புதினா ஏத்தறோம், கூட வா, வீடியோ அப்புறம் பார்க்கலாம்.

வரமாட்டான்னு நினைச்சேன். கடைசி பஸ்ல வந்து இறங்கினான், தனியா. மத்த மூணு பேர் வரல. எங்க வீட்டம்மா களி போட்டா, சாப்பிட்டுத் திண்ணையில படுத்தான். மூணு மணிக்கு நான் எழுப்பறதுக்கு முன்னாடியே கட்டு தூக்கிக்கிட்டு நின்னான். மண்டியில அன்னிக்கு நாலேகால் ரூபாய்க்குப் போச்சு. ஏலம் முடியற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. திரும்பி வரும்போது வண்டியில பாப்பாவோட நோட்டை வாங்கி, ஒவ்வொரு பக்கமாப் பார்த்துக்கிட்டே வந்தான். ஊரு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி கேட்டான்:

"ஐயா, இலை உருவறதுக்குத்தானே கூலி அதிகம் ஆகுது. அதுக்கு மிஷின் எதுவும் இல்லையா?"

டப்பா இன்னும் மோட்டார் ரூம்லதான் தொங்குது. எடுக்க மறந்துட்டுப் போயிட்டான்.